பாட்டனாரின் பிறப்பிடம்: மலையகக் குடும்ப வரலாறும் சான்றுகளும்

மலையகத் தமிழரிடையே குடும்ப வரலாற்றைத் தேடுதல் அரசு விதித்த நிபந்தனையாகவே தொடங்கியது எனலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரிடமும், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தமைக்குச் சான்று கோரியது. தோட்டத்து ஏடுகள் எவற்றைப் பதிந்தன என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. 1921இல் ஒழிக்கப்பட்ட ‘துண்டு’, தொழிலாளியை விடுவிப்பதற்குத் தீர்க்கவேண்டிய கடனைக் குறித்தது; செக்ரோல் வேலைநாளைக் குறித்தது. உழைப்பை மட்டுமே கணக்கிட்ட மூலதனத்துக்கு அவரது பூர்விகம் வேண்டப்படவில்லை. கொழுந்து பறித்த பாட்டியின் வழியையோ சட்டமும் ஏற்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியது. எனினும், இழந்த வரலாறு சட்டத்தால் மீளாது. கடனேடுகளோடு ஒப்பாரியையும் தாலாட்டையும் முதியோர் நினைவுகளையும் வரலாற்று மூலங்களாகக் கொள்வது நமது ஆய்வுக் கடனாகும்.