ஆகாயப் புறம்போக்கு

ஒன்றுக்கும் உதவாது என்று சர்க்கார் ஒதுக்கிவிட்ட நிலத்தில் ஓர் ஏழை குடிசை போட்டு, கிணறு வெட்டி, நாலு தென்னை வைப்பான். தென்னை காய்த்த பிறகு சர்வேயர் சங்கிலியோடு வந்து நிற்பார். ஆகாயத்திலும் அப்படி ஒரு புறம்போக்கு இருந்தது.

தூரம் போக வேண்டுமானால் ரேடியோ அலை நீளமாக இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பண்டிதர்களின் சித்தாந்தம். ஆகவே 1912-இல் அமெரிக்கா சட்டம் செய்தபோது, நல்ல அலைகளையெல்லாம் பெரியவர்களுக்கு வைத்துக்கொண்டு, வீட்டு மாடியில் பொழுதுபோக்காக மோர்ஸ் தட்டிக்கொண்டிருந்தவர்களை 200 மீட்டருக்குக் கீழே தள்ளியது. ஒரு கிலோவாட்டுக்கு மேல் சக்தியும் கூடாது. தொலைந்தது சனியன் என்று அதிகாரிகள் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

தொலையவில்லை. யார் குரல் அதிக தூரம் எட்டுகிறது என்று அவர்கள் போட்டி போட ஆரம்பித்தார்கள். 1921 நவம்பரில் பால் காட்லி என்ற நிபுணரை அமெரிக்க ரேடியோ ரிலே லீக் கப்பலேற்றி அனுப்பியது. ஸ்காட்லாந்தில் ஆர்ட்ராஸன் என்ற கடலோர ஊரில், குளிரிலும் மழையிலும் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஏறத்தாழ முப்பது அமெரிக்க வீட்டு நிலையங்களை அவர் காதால் கேட்டார். அட்லாண்டிக் தாண்டியாயிற்று!

ஆனால் கதை எழுதிப் பிழைக்கிற எனக்குக் காட்லியைவிட வேறு இரண்டு பேரிடம்தான் பிரியம். நியூஸிலாந்தில் ஒட்டாகோ பகுதியில் ஓர் ஆட்டுப் பண்ணை. முதல் உலக யுத்தத்திலிருந்து உடல் நலிந்து திரும்பிய பிராங்க் பெல் அங்கே சொந்தமாக ஒரு கருவி பூட்டி வைத்திருந்தார். லண்டனில் மில்ஹில் பள்ளிக்கூடத்தில் ஸெஸில் காய்டர் என்ற மாணவன், வயது பதினெட்டு. 1924 அக்டோபர் 18-ஆம் தேதி, இங்கே விடியும் வேளை, அங்கே சாயும் வேளை, இருவரும் பேசிக்கொண்டார்கள். பேசினார்கள் என்றால் கட்-கடா-கட் என்று மோர்ஸில்தான். நடுவே சுமார் 19,000 கிலோமீட்டர். பூமி உருண்டையில் அதற்கு மேல் தூரம் போக ஏது இடம்?

சிற்றலை மேலே போய் முட்டித் திரும்புகிற மின்படலம் உண்டு என்பது வெறும் ஊகமாகத்தான் இருந்தது. ஆப்பிள்டன் அதைச் சோதனை செய்து நிரூபித்தது அதே ஆண்டு டிசம்பரில். பள்ளிக்கூடத்துப் பையன் இரண்டு மாதம் முந்திக்கொண்டான்!

அப்புறம் சர்வேயர் வராமல் இருப்பாரா? 1927-இல் வாஷிங்டனில் மாநாடு கூடிச் சிற்றலைகளைப் பங்கு போட்டது. பண்படுத்தியவர்களுக்குச் சில குறுகலான பட்டைகள் மிஞ்சின. அவர்கள் வழக்குப் பேசிக்கொண்டு நிற்கவில்லை; அதே ஆண்டில் அந்த லீக் சர்வதேசப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. இன்றைக்கும் வார இறுதியில், கொல்லை மரத்தில் கட்டிய கம்பியும் பழைய வால்வு செட்டுமாக இரண்டு இரவு கண்விழித்து, எத்தனை தேசம் கிடைத்தது என்று நோட்டில் குறித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்காரிகள் என்ன சொல்வார்கள் என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

காய்டர் 1936-இல் நம் நாட்டுக்கு வந்து அகில இந்திய ரேடியோவின் தலைமை எஞ்சினீயரானார். 1938 ஜூனில் சென்னை நிலையம் திறந்தபோது, நகரத்துக்குக் கால் கிலோவாட் மத்திய அலையும், வெளியூர்களுக்குப் பத்துக் கிலோவாட் சிற்றலையும் வைத்தார்கள். எந்த அலை எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கு யார் சொல்ல வேண்டும்?

பெல் பண்ணையைப் பார்க்கப் போய்விட்டார். கருவி சும்மா கிடக்கவில்லை. அவருடைய அக்காள் பிரெண்டா அதன் முன் உட்கார்ந்து, 1927-இல் நியூஸிலாந்திலிருந்து முதன்முதலாகத் தென்னாப்பிரிக்காவைப் பிடித்தாள்.