இரண்டாம் நுரையீரலும் வயது பற்றிய வினாவும்

மருத்துவ அறிவைத் தமிழிற் பேசுதல் யாழ்ப்பாணத்தவர்க்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், உடற்கூற்றியல் முதலிய துறைகளைத் தமிழ் நூல்கள் வாயிலாக மாணவர்க்குக் கற்பித்தார். அவர் காலத்தில் நுரையீரல் கற்றறிதற்குரிய உறுப்பாகவே இருந்தது. மாற்றத்தக்க உறுப்பாக அது கருதப்பட ஒரு நூற்றாண்டு சென்றது. மாற்றிய நுரையீரலும் பழுதுறின் மீண்டும் ஒன்றை அளிக்கலாமா, அவ்வாறு அளிக்குமிடத்து வயதை அளவுகோலாகக் கொள்ளலாமா என்பன இன்று எழும் வினாக்கள்.

1963இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக ஒரு மனிதருக்கு நுரையீரலை மாற்றினார். 58 வயதான அந்நோயாளி 18 நாட்களே வாழ்ந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ நாற்பது முயற்சிகள் நடந்தன. இணைத்த மூச்சுக்குழாய் ஆறாமையாலும், உடல் அந்நிய உறுப்பை நிராகரித்தமையாலும் அவை பெரும்பாலும் தோல்வியுற்றன. சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்து வந்தபின், 1983இல் தொறொன்ரோவில் ஜோயல் கூப்பர் செய்த சிகிச்சை வெற்றிபெற்றது. நோயாளி ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவருக்கும் வயது 58. இருவருக்கும் வயது ஒன்றே, மாறியது மருத்துவமே.

எனினும் வெற்றி நிலைபேறுடையதன்று. நாட்பட்ட நிராகரிப்பினாற் சிறு மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபடுகின்றன. அந்நிலை முற்றிய சிலருக்கு மறுமாற்றமே எஞ்சிய வழியாகும். 230 மறுமாற்ற நோயாளரை ஆராய்ந்து 1998இல் வெளியான அறிக்கை, ஓராண்டின் பின் 47 வீதத்தினரும் மூன்றாண்டின் பின் 33 வீதத்தினருமே உயிர்வாழ்ந்தனர் எனக் காட்டிற்று. ஆயின் 1991இன் பின் சிகிச்சை பெற்றோருள், நடமாடக்கூடியவராயும் செயற்கைச் சுவாசப் பொறியைச் சாராதவராயும் இருந்தோரில் 64 வீதத்தினர் ஓராண்டைக் கடந்தனர். சிகிச்சைக்கு முன்னிருந்த உடல்நிலை விளைவைப் பெரிதும் நிர்ணயித்தது என்பது இதனாற் புலனாகும்.

முதுமை நீண்டகால உயிர்வாழ்வைக் குறைக்கும் என்பதும் மறுத்தற்குரியதன்று. 1998இன் சர்வதேச வழிகாட்டுதல்கள் ஒற்றை நுரையீரல் மாற்றத்துக்கு 65 வயதையும், இரு நுரையீரல் மாற்றத்துக்கு 60 வயதையும் எல்லையாகக் குறித்தன. பின்னர் அவ்வெல்லைகள் தளர்ந்தன. அமெரிக்காவில் காத்திருந்த காலமே முன்னுரிமையை நிர்ணயித்த முறை 2005இல் மாறி, நோயின் அவசரமும் எதிர்பார்க்கும் பயனும் அளவுகோலாயின. ஆயினும் 12 வயதுக்குட்பட்டோர் அம்முறைக்குப் புறத்தே நின்றனர். 2013இல் பிலடெல்பியாவிற் பத்து வயதுச் சிறுமியொருத்தியின் பெற்றோர் நீதிமன்றத்தை நாடினர்; வளர்ந்தோர் பட்டியலிலும் அவளைச் சேர்க்குமாறு நீதிபதி கட்டளையிட்டார். பொருத்திய நுரையீரல் உடனே செயலிழக்க, சில நாட்களுள் இரண்டாவது பொருத்தப்பட்டது. முதல் மாற்றத்தை அடுத்து விரைவிற் செய்யும் மறுமாற்றம் பேராபத்து உடையதாயினும் அவள் பிழைத்து வீடு திரும்பினாள்.

இலங்கையில் உறுப்பு மாற்றத்துக்கான சட்டம் 1987இல் இயற்றப்பட்டது. 2017இற் கண்டியில் நாட்டின் முதல் இதய மாற்றம் நடைபெற்றது. உறுப்பு அரிதாயுள்ளவரை, ஒருவருக்கு இரண்டாவதை அளிப்பது முதலாவதற்குக் காத்திருக்கும் இன்னொருவருக்கு மறுப்பதாகவும் அமையும். ஆதலின் நீதி வேண்டுவது, முதியவரை வயதால் மட்டும் விலக்காமலும் இளையவரை இரக்கத்தால் மட்டும் தேராமலும், ஒவ்வொருவர் உடல்நிலையையும் பெறக்கூடிய பயனையும் சீர்தூக்குதலேயாகும்.