இரும்பு ஆக்சைடுகளில் பரிமாற்றச் சார்பு

ஃபெர்ரோ காந்தப் பொருளின் காந்தத் தயக்கக் கண்ணி, பூஜ்ஜியப் புலத்தின் இருபுறமும் சமமாக விரிவதுதான் வழக்கம். அதோடு எதிர்ஃபெர்ரோ காந்தப் பொருள் ஒன்று ஒட்டியிருந்து, இரண்டையும் காந்தப்புலத்தில் வைத்தே குளிர்வித்தால், கண்ணி முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். இந்த நகர்வே பரிமாற்றச் சார்பு.

அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தின் மெய்க்கில்ஜானும் பீனும் 1956இல் இதை அறிவித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது, ஆக்சைடுத் தோல் படிந்த நுண்ணிய கோபால்ட் துகள்கள். எதிர்ஃபெர்ரோ காந்தத்தில் அடுத்தடுத்த அணுக்களின் காந்தத் திருப்புதிறன்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால், வெளிப்புலம் அதை எளிதில் அசைக்காது. நீல் வெப்பநிலை எனப்படும் வரம்புக்குக் கீழே அந்த ஒழுங்கு உறையும்போது, எல்லையிலுள்ள அணுக்கள் பக்கத்து ஃபெர்ரோ காந்தத்தை நங்கூரம்போல் பிடித்துக்கொள்கின்றன.

இந்த விளைவுக்கு வேண்டிய இரு தரப்பும் இரும்பு ஆக்சைடு என்ற ஒரே குடும்பத்தில் கிடைக்கின்றன. மேக்னடைட் சுமார் 580 டிகிரி செல்சியஸ் வரை ஃபெர்ரி காந்தம்; அதாவது எதிரெதிர்த் திருப்புதிறன்கள் முழுதாக ஈடாகாமல் காந்தத்தன்மை மிஞ்சுவதால், ஃபெர்ரோ காந்தத்தின் இடத்தை அது நிரப்பும். அதைச் சுமார் 120 கெல்வினுக்குக் குளிர்வித்தால் படிக அமைப்பு உருமாறி, மின்தடை ஏறத்தாழ நூறு மடங்கு எகிறும். 1939இல் இதை ஆராய்ந்த வெர்வேயின் பெயரே அந்த மாற்றத்துக்கும் நிலைத்தது. ஹெமடைட் எதிர்ஃபெர்ரோ காந்தம் என்றாலும், சுமார் 260 கெல்வினுக்கு மேல் அதன் திருப்புதிறன்கள் துளி சாய்ந்து பலவீனமான காந்தத்தன்மையைக் காட்டும். மோரின் மாற்றம் எனப்படும் இந்தத் திருப்பம், துகள் நானோ அளவுக்குச் சிறுக்கச் சிறுக்கத் தாழ்ந்த வெப்பநிலைக்கு இறங்கி, கடைசியில் மறைந்தே போகும்.

வூஸ்டைட்தான் இக்குடும்பத்தின் நிலையற்ற பிள்ளை. சுமார் 570 டிகிரிக்குக் கீழே அது இரும்பாகவும் மேக்னடைட்டாகவும் பிரியவே முனையும். நானோ துகளாக்கிக் காற்றில் வைத்தால் மேற்பரப்பு தானாகவே மேக்னடைட்டாகிவிடும். ஆய்வாளர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. உள்ளே எதிர்ஃபெர்ரோ காந்தக் கரு, வெளியே ஃபெர்ரி காந்த ஓடு. மேக்னடைட்டின் படிக அலகு வூஸ்டைட்டினுடையதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு என்பதால் இரண்டும் சீராகப் பொருந்துகின்றன. வூஸ்டைட்டின் நீல் வெப்பநிலையான சுமார் 198 கெல்வினுக்குக் கீழே புலத்தோடு குளிர்வித்தால் கண்ணி நகர்கிறது. துகள் மேலும் ஆக்சிஜனேற்றமடைந்து கரு கரைந்துபோனால் நகர்வும் சுருங்கும்.

இயற்கை இதைவிடப் பெரிய வேலை செய்திருக்கிறது. தெற்கு நார்வேயின் மோடும் பகுதிப் பாறையில், ஹெமடைட்டுக்குள் இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியம் ஆக்சைடு நானோ தகடுகளாக ஊடுருவிக் கிடக்கிறது. மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அது 1 டெஸ்லாவுக்கும் மேற்பட்ட நகர்வைக் காட்டியதென்று 2007இல் ஆய்வறிக்கை வெளியானது. பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 20,000 மடங்கு அது!

ஆனால் நகர்ந்த கண்ணியெல்லாம் பரிமாற்றச் சார்பு ஆகிவிடாது. அளவீட்டுப் புலம் போதாமல் துகள்கள் தெவிட்டுநிலையை எட்டாவிட்டாலும் கண்ணி ஒருபக்கம் சாய்ந்தே தெரியும். நானோ துகள் ஆய்வுகளில் அடிக்கடி ஏமாற்றும் இடம் இது. உண்மையான நகர்வுகூட நிலையானதென்று சொல்ல முடியாது. பல மாதிரிகளில் புலத்தை மீண்டும் மீண்டும் சுழற்றும்போது அது குறையும். முதல் சுழற்சிக்கும் இரண்டாவதுக்கும் இடையில்தான் சரிவு பெரும்பாலும் அதிகம்.