லிமிட் யாருக்கு?

"இது எங்க லிமிட் இல்ல." காவல் நிலைய வாசலில் இதைக் கேட்காத தோழர் நம்மில் குறைவு. புகாரோடு மயிலாப்பூர் போனால் அடையாறு என்பார்கள், அடையாறு போனால் வேறொரு நிலையத்தைக் கைகாட்டுவார்கள். வேலை முடிந்து நள்ளிரவில் பைக்கில் வீடு திரும்பும் நம் தம்பியைக் 'குடித்திருக்கிறாய்' என்று நிறுத்தும்போது மட்டும் யாரும் லிமிட் பேசுவதில்லை. இந்த வித்தியாசம் நேற்று வந்ததல்ல.

வெள்ளையர் காலத்தில் மாவட்டங்களுக்கு 1859ஆம் ஆண்டின் காவல் சட்டம். மெட்ராஸ் நகரத்துக்கு மட்டும் தனியாக 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம். மயிலாப்பூர் நகரத்துக்குள் இருந்தது. அடையாற்றைத் தாண்டினால் செங்கல்பட்டு மாவட்டம், அங்கே சட்டமே வேறு. பொது இடத்தில் குடித்துக் கிடப்பவர் மீது இன்றும் சென்னையில் போடப்படும் பெட்டி கேஸ், அந்த 1888 சட்டத்தின் 75ஆம் பிரிவுதான்.

ஆனால் பிடிக்கப் போகும் போலீசுக்கு ஆறு தடையாக இருக்கவில்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க ஒருவரை எந்த ஊருக்கும் துரத்திச் செல்லலாம் என்றது 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 58ஆம் பிரிவு. அதே காலத்தில்தான், 1911இல், குற்றப்பரம்பரைச் சட்டம் மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. அதில் பதிவு செய்யப்பட்ட சாதியினர் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் குற்றம். துரத்துபவனுக்கு எல்லை இல்லை, துரத்தப்படுபவனுக்கு மட்டும் எல்லை. அந்தச் சட்டம் இங்கே 1947இல் ஒழிந்தது. துரத்தும் அதிகாரம் 1973 சட்டத்தில் 48ஆம் பிரிவாகி, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 45ஆம் பிரிவாக இருக்கிறது.

நீதிமன்றமும் இதில் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. புலனாய்வில் சட்டமீறல் இருந்தாலும், அதனால் அநீதி நேர்ந்ததாகக் காட்டாதவரை விசாரணை செல்லும் என்று 1954இல் ரிஷ்பட் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே 'நீங்க தி.நகர் போலீஸ், அடையாறுல எப்படிப் பிடிப்பீங்க' என்று சாலையில் வாதாடுவதை மட்டும் நம்ப வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 202ஆம் பிரிவைப் படியுங்கள். அங்கே நிலைய எல்லை பற்றிப் பேச்சே இல்லை. போலீஸ்காரர் சீருடையில் இருக்க வேண்டும், குற்றம் அவர் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். இல்லையென்றால் விடுவித்தாக வேண்டும். 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் குற்றம். வாயில் வாடை அடிப்பது கணக்கில்லை. பிடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் போக வேண்டும் என்பது 1996 டி.கே. பாசு தீர்ப்பு.

குடித்து ஓட்டுவதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அந்த வண்டிகளில் அடிபடுவது பிளாட்பாரத்தில் தூங்குபவர்களும் விடியலில் தெருக் கூட்டும் நம் அம்மாக்களும்தான். நம் கேள்வி வேறு. கைதுக்கு விரியும் எல்லை புகாருக்கு ஏன் சுருங்குகிறது? குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் 173ஆம் பிரிவு எழுத்திலேயே சொல்கிறது. வன்கொடுமைப் புகாரை வேண்டுமென்றே பதியாத, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அதிகாரிக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. அடுத்த முறை 'லிமிட் இல்ல' என்று சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள்.