ரோகசேனன் வேண்டாம் என்ற வண்டி

தீபாவளிக்கு முந்தைய வாரம் தில்லியில் அக்காள் வீட்டைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். அவள் மகளின் விளையாட்டுப் பெட்டியில் சக்கரம் ஒன்றை இழந்த பிளாஸ்டிக் வண்டி கிடந்தது. அதைக் குப்பையோடு சேர்த்துவிட்டேன். மாலையில் குழந்தை தேடினாள்; அழுதாள். புது வண்டி வாங்கித் தருகிறேன் என்றதும் அழுகை கூடிற்று. ஐந்து வயதுப் பிள்ளையின் பொருளை, அவளைக் கேளாமலே மதிப்பற்றது என்று நான் தீர்மானித்திருந்தேன்.

அன்றிரவு சூத்திரகரின் மிருச்சகடிகத்தை மீண்டும் எடுத்தேன். முதுகலையில் மொழியியல் பயின்றபோது அந்நாடகத்தை அதன் பிராகிருதங்களுக்காகவே படித்தேன். எந்தப் பாத்திரம் எந்த மொழி பேசுகிறது என்று அட்டவணையும் இட்டேன். நாடகத்துக்குப் பெயர் தந்த மண் வண்டியருகே ஒரு நொடியும் நின்றதில்லை.

அவ்வண்டி ஆறாம் அங்கத்தில் வருகிறது. களம் உச்சயினி. செல்வம் கரைந்துபோன வணிகன் சாருதத்தனின் மகன் ரோகசேனன் அழுதுகொண்டிருக்கிறான். அண்டை வீட்டுச் செல்வரின் மகனிடம் ஒரு பொன் வண்டி இருந்தது. ரோகசேனன் அதை வைத்து விளையாடினான். அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பணிப்பெண் ரதனிகை மண்ணால் ஒன்று செய்து கொடுத்தாள். அவனுக்கு அது வேண்டாம். பொன் வண்டிதான் வேண்டும்.

அங்கே வந்திருக்கும் வசந்தசேனையை உன் தாய் என்று ரதனிகை அறிமுகப்படுத்துகிறாள். சிறுவன் நம்பவில்லை: தன் தாயானால் இவ்வளவு நகை எப்படி இருக்கும்? பொன்னில்லாத வீட்டில் வளரும் குழந்தைக்குத் தாய் என்பவள் நகையற்றவள். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி மண் வண்டியில் நிரப்பி, பொன் வண்டி செய்துகொள் என்கிறாள். அவள் அழுவதைப் பார்த்துவிட்டு முதலில் சிறுவன் வாங்க மறுக்கிறான்.

குழந்தையின் கண்ணீரைத் துடைக்கத் தந்த அந்நகைகளே பின்னர் தந்தையைக் கொலைக்களத்துக்கு அனுப்புகின்றன. அவற்றைத் திருப்பித்தரப் புறப்பட்ட மைத்ரேயன், வழக்கு மன்றத்தில் சகாரனோடு கைகலக்கும்போது அவை கீழே விழுகின்றன. வசந்தசேனையைக் கொன்றதாகப் பழி சுமந்து நிற்கும் சாருதத்தனுக்கு எதிரான சான்றாகின்றன. பாசர் பெயரால் வழங்கும் ‘சாருதத்தம்’ இதே கதையைச் சொன்னாலும் நான்கு அங்கங்களோடு நின்றுவிடுகிறது. மண் வண்டி அதில் இல்லை. பத்து அங்கங்களாக விரிந்த நாடகமோ தலைவன் பெயரையும் தலைவி பெயரையும் விடுத்து, ஒரு குழந்தை வேண்டாம் என்ற பொருளின் பெயரைச் சூடிக்கொண்டது.

இனி என் பழைய அட்டவணைக்கு வருகிறேன். தந்தை சாருதத்தன் பேசுவது சமற்கிருதம். தாய் தூதையும் பணிப்பெண் ரதனிகையும் பேசுவது சௌரசேனி. மகனோ மாகதி பேசுபவன். உரையாசிரியர் பிருதுவிதரர் மாகதி பேசுவோர் என்று அறுவரைக் குறிக்கிறார்: உடம்பு பிடித்துவிடுபவன், மூன்று வீட்டு வேலையாட்கள், பிக்கு, இவர்களோடு சாருதத்தனின் மகன். பெற்றோர் இருவர் மொழியும் பிள்ளைக்கு வாய்க்கவில்லை. நாடக மரபு குழந்தையை வேலையாட்களின் படியில் நிறுத்தியது என்று இதைக் கொள்ளலாம். வேலையாட்களின் கையில் வளரும் பிள்ளை அவர்கள் மொழியைப் பேசுவான் என்ற நடப்பறிவாகவும் கொள்ளலாம். எப்படியாயினும், அந்த வீட்டின் வறுமையை ஒரே கேள்வியில் திறந்துகாட்டும் சொற்கள் அட்டவணையின் கீழ்வரிசை மொழியில் வருகின்றன. முதுகலையில் நான் அக்கேள்வியை ஒலி மாற்றத்துக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே குறித்துவைத்திருந்தேன்.

பெயரும் கவனத்துக்குரியது. ‘சகடம்’ பெரியவர்களின் வண்டி. ‘சகடிகை’ அதன் குறுமை வடிவம். தமிழில் இதே வேலையைச் ‘சிறு’ என்ற முன்னொட்டு செய்கிறது: சிறுதேர், சிறுபறை, சிற்றில். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் குழந்தைகள் மூன்று கால் சிறுதேரை உருட்டுகிறார்கள். பிள்ளைத்தமிழ் ஆண்பாற் பிள்ளையின் இறுதிப் பருவத்துக்கே சிறுதேரின் பெயரை இட்டது. பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் இந்நாடகத்தை மொழிபெயர்த்தபோது ‘மண்ணியற் சிறுதேர்’ என்று தலைப்பிட்டார். சகடிகை என்ற சொல்லுக்கு நேராக வண்டியைத்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் தமிழ்க் குழந்தையின் கையில் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.

நாடகத்திலிருந்து அகழாய்வுக் குழிக்குச் சென்றால் அதே மண் வண்டியை மீண்டும் காண்கிறோம். அரப்பா, மொகஞ்சதாரோ, சன்குதாரோ, லோத்தல், காளிபங்கன் என, கி.மு. 2600 முதல் 1900 வரையிலான நகரங்களில் சுடுமண் வண்டிச் சட்டங்களும் சக்கரங்களும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. சட்டங்களில் குச்சி செருகத் துளைகள் உண்டு, குச்சிகள் மக்கிவிட்டன. அக்காலத்து மெய்யான மரவண்டிகளும் எஞ்சவில்லை. ஆகவே சிந்துவெளி வண்டியின் அமைப்பைப் பெரிதும் இந்தச் சிறு வண்டிகளைக் கொண்டே அறிகிறோம். 1935-36இல் சன்குதாரோவை அகழ்ந்த எர்னஸ்ட் மெக்கே போன்றோர், இவற்றைச் சிந்து மாநிலத்தில் அப்போதும் ஓடிய மாட்டுவண்டிகளோடு ஒப்பிட்டனர்.

அந்த ஒப்பீடு பயனுள்ளது. ஆயினும் அதில் சிறு வண்டி பெரிய வண்டிக்குச் சான்று. அதை வைத்திருந்த கை கேள்விக்குள் வருவதில்லை. பனாவலியில் கிடைத்த மண் ஏர் உழவு வரலாற்றின் சான்றாகவே பாடநூல்களில் இடம்பெறுகிறது. இன்னொரு புறம், எளிதில் விளங்காத உருவங்கள் சடங்குப் பொருளாகிவிடுகின்றன. உழவுக்கும் வழிபாட்டுக்கும் நடுவே வீட்டு முற்றம் ஒன்று இருந்தது; அங்கே குழந்தைகள் இருந்தார்கள்.

குழந்தைகளின் பொருட்களை எளிமையின் அடையாளமாக, கபடமற்ற இன்பத்தின் சின்னமாகப் போற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை. ரோகசேனன் மண்ணை விரும்பவில்லை. பொன்னுக்கும் மண்ணுக்கும் உள்ள தூரத்தை அவன் முன்பே கற்றுவிட்டான். கற்பித்தது அண்டை வீடு. ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி அதன் கணக்கேட்டில் தெரிவதற்கு முன் பிள்ளையின் கையில் தெரிந்துவிடுகிறது.

காலம் எதைக் காத்தது என்பதையும் எண்ண வேண்டும். பொன் வண்டிகள் இருந்திருப்பின் உருக்கப்பட்டிருக்கும். மரத் தேர்களைக் கரையான் தின்றிருக்கும். சுட்ட மண் மட்டும் நிற்கிறது. அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவற்றில் எது நெஞ்சோடு அணைத்து உறங்கிய வண்டி, எது வேண்டாம் என்று தள்ளிய வண்டி என்பதை மண் சொல்லாது. அதற்கு நமக்கு ஆறாம் அங்கம் போன்ற பக்கங்கள் தேவை. தொல்லியல் மாணவர்கள் நாடகத்தையும், இலக்கிய மாணவர்கள் அகழாய்வு அறிக்கையின் சிறுபொருள் பட்டியலையும் படிக்க வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகவே.

மறுநாள் காலை, குப்பை வண்டி வருமுன் அக்காளும் நானும் கீழே போய்ப் பையைக் கிளறி அந்த வண்டியை எடுத்து வந்தோம். கழுவிக் கொடுத்துவிட்டு, சக்கரம் எங்கே போயிற்று என்று இம்முறை கேட்டேன். கோடையில் ஊருக்குப் போகும்போது ரயிலில் தாத்தா மடியில் ஓட்டினாளாம். அப்போது கழன்று விழுந்ததாம். தாத்தா குனிந்து தேடினாராம், கிடைக்கவில்லையாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவள் வண்டியைப் பெட்டியின் அடியில், துணிக்குக் கீழே வைத்தாள்.