வரைபடமும் செம்மண்ணும்: ஆரோவில்லின் குடியிருப்புச் சோதனைகள்

ஆரோவில்லின் கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் ரோஜர் ஆன்ழே வகுத்த, விண்மீன் மண்டல வடிவிலான நகரத் திட்டத்திலிருந்தே தொடங்கப்பெறுகிறது. 50,000 பேருக்கென வரையப்பெற்ற அத்திட்டத்தின் நீண்டுயர்ந்த கட்டட வரிசைகள் எழவில்லை. இன்று அங்கு வாழ்வோர் மூவாயிரத்தைச் சற்றே கடந்தவர்கள். ஆதலின் அந்நகரின் குடியிருப்புச் சோதனையை வரைபடத்தில் தேடுவதினும் கட்டுமானப் பொருளில் தேடுவதே பொருந்தும்.

1968 பிப்ரவரி 28 அன்று தொடக்க விழா நிகழ்ந்தபோது அவ்விடம் மழைநீர் அரித்த, மரங்கள் அருகிய செம்மண் மேடாக இருந்தது. 1969இல் ஐரோப்பாவிலிருந்து தரைவழியே வந்த குழுவினர் தங்கிய, குயிலாப்பாளையத்தை ஒட்டிய ஆஸ்பிரேஷன் குடியிருப்பு கீற்று வேய்ந்த குடில்களாலானது. பின்னர்க் கருங்கல் தூண்கள்மேல் சவுக்குக் கழி, தென்னங்கயிறு, கீற்று ஆகியவற்றால் சிறு வீடுகளும் எழுந்தன. 'கேப்சூல்' என்னும் பெயர் புதிது. கழியும் கட்டும் முறை சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குப் பழையது. இக்கடன் ஆய்வுகளில் போதிய அளவு பேசப்படவில்லை. ஆன்ழே 1970களின் தொடக்கத்தில் ஆரோமாடலில் அமைத்த, சிற்பம் போன்ற வளைவுடைய வீடுகளே சோதனை என்னும் பெயரைப் பெற்றன. கூரைவீடுகள் தற்காலிக ஏற்பாடாகவே எண்ணப்பட்டன. உண்மையில் பெரும்பாலோர் தொடக்கக்காலத்தில் வாழ்ந்தது கூரைக்கடியில்தான்.

இவ்விரு போக்கிற்கும் இடைப்பட்ட விடை மண்ணிலிருந்து வந்தது. 1989இல் ஹட்கோவின் முயற்சியால் உருவான ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம், அழுத்தி உருவாக்கும் மண்கல்லை முறைப்படுத்தியது. சலித்த மண்ணுடன் ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்டு கலந்து, கையால் இயக்கும் 'ஆரம்' பொறியில் அழுத்தி, நான்கு வாரம் ஈரத்தில் பதப்படுத்தினால் கல் ஆயத்தமாகும். சூளையும் விறகும் வேண்டா. சத்பிரேம் மைனி வடிவமைத்து 1990களில் எழுந்த விகாஸ் குடியிருப்பு, இம்முறை ஒற்றைத்தள வீட்டோடு நிற்பதன்று எனக் காட்டியது. அதன் மூன்றாம் கட்டடம் நான்கு தளங்கள் கொண்டது. அதற்கான மண் அவ்விடத்திலேயே தோண்டப்பெற்றது. கவிமாடமும் வளைகூரையும் இரும்புக்கம்பியின் தேவையைக் குறைத்தன. 2000ஆம் ஆண்டு உலக வாழிட விருதின் இறுதிச்சுற்றுக்கு விகாஸ் தேர்வு பெற்றது.

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல் கீற்றுக் கூரைகள் பலவற்றைச் சிதைத்தது. ஆயினும் கல்லைப் பதமறிந்து அடுக்கும் கொத்தரின் உழைப்பு மண் கட்டுமானத்திற்கு வேண்டும் என்பதால், கூரையை விட்டு அதற்கு மாறுவது எளிதன்று. அவ்வுழைப்பைத் தருவோரிற் பலர் அருகமை ஊர்களைச் சேர்ந்தவர்கள்.