ஒரு மரத்துக் கால் கிலோ

ருவாண்டாவின் மலைச்சரிவில் ஒரு காபிச் செடி வருஷத்துக்குச் சுமார் இரண்டு கிலோ பழம் கொடுக்கும். தோலை உரித்து, கழுவி, காயவைத்து, பார்ச்மென்ட் என்ற உள்தோலையும் நீக்கினால் மிஞ்சுவது முந்நூறு கிராம் பச்சைக்கொட்டை. வறுத்தால் அதுவும் கால் கிலோவாகச் சுருங்கும். மாசம் முக்கால் கிலோ, பீபரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி இருபது என்று கடையில் நிரந்தரமாகச் சொல்லிவைத்திருக்கும் சென்னை மந்தைவெளிக் குடும்பத்துக்கு அது பத்து நாளைக்குக் காணும். ருவாண்டாத் தலைநகர் கிகாலியில் வேலை பார்க்கும் அக்கா பிள்ளை பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்த பொட்டலமும் சரியாகக் கால் கிலோதான். பெண்கள் கூட்டுறவில் விளைந்தது என்று உறையில் போட்டிருந்தது.

வகை, புர்போன். 1715 வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் ஏமனிலிருந்து செடி கொண்டுபோய் இந்தியப் பெருங்கடலில் இருந்த தங்கள் புர்போன் தீவில் நட்டார்கள். இன்றைக்கு அதன் பெயர் ரீயூனியன். பிற்பாடு நம் ஊர்க்காரர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய அதே தீவு. ருவாண்டாவுக்குக் காபி வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மானியர் ஆட்சியில். தென்மேற்கே மிபிரிசி என்ற இடத்தில் பாதிரிமார்கள் நட்டார்கள். அடுத்து வந்த பெல்ஜியர்கள் அதைக் கட்டாயமாக்கினார்கள். குடியானவன் காபி வைத்தே ஆகவேண்டும், வைத்ததைப் பிடுங்கக் கூடாது. களையெடுப்பதும் பழம் பறிப்பதும் பெண்டாட்டி. காசு வாங்குவது புருஷன். நிலமும் மரமும் அவன் பெயரில்தான்.

1989ல் சர்வதேசக் காபி ஒப்பந்தத்தின் கோட்டா முறை உடைந்தது. விலை பாதியாக விழுந்தது. அந்நியச் செலாவணிக்குக் காபியை நம்பியிருந்த நாடு ஆட்டம் கண்டது. அடுத்து நடந்த படுகொலைக்குக் காரணம் காபி விலை என்று சொன்னால் அபத்தம். ஆனால் வயிறு காய்ந்த ஊரில் வெறுப்பை விற்பது சுலபம். 1994 ஏப்ரல் 7ஆம் தேதி ஆரம்பித்து நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் துட்சி இனத்தவர். அது பழம் பறிக்கும் பருவம். பறிக்க ஆளில்லை, அந்த வருஷ ஏற்றுமதி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிற்று.

ஆண்களில் செத்தவர் போக, எல்லை தாண்டி ஓடியவர் போக, லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் அடைபட்டார்கள். ஊரில் மிஞ்சியது பெண்கள், காடாகிக் கிடந்த காபி. அந்தக் காபியும் அவர்களுடையதல்ல, ஏனென்றால் பெண்ணுக்கு வாரிசுரிமை கிடையாது. 1999 கடைசியில் வந்த சட்டம்தான் மகளுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்றது. கூட்டுறவுக் கதையை எழுதுகிறவர்கள் இந்தச் சட்டத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முதல் வரி. தன் பெயரில் மரமில்லாதவள் எந்தக் கூட்டுறவில் போய்ப் பங்கு கேட்பாள்?

அதே 1999ல் தெற்கே மராபா என்ற இடத்தில் ஒரு கூட்டுறவு தொடங்கியது. உறுப்பினர்களில் விதவைகள் ஏராளம். அதுவரை அவரவர் வீட்டுக் கொல்லையிலேயே பழத்தைத் தோலுரித்து, கிடைத்த தண்ணீரில் அலசி, தரகரிடம் போட்டுவந்தார்கள். கடைசித் தரம், கடைசி விலை. 2001ல் அமெரிக்க உதவியோடு அங்கே ஒரு கழுவும் நிலையம் எழுந்தது. 2003ல் மராபா காபி பிரிட்டனில் செயின்ஸ்பரிஸ் கடைகளில் விற்பனைக்கு வந்தது. இன்று நாடு முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு நிலையத்தில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காலையில் பறித்த பழம் அன்றைக்கே வந்து சேர வேண்டும். இரவு தங்கினால் புளித்துவிடும். முதலில் தண்ணீரில் கொட்டுவார்கள். மிதப்பது சொத்தை. மூழ்கியது பல்பருக்குப் போய்த் தோல் உரிந்து, தொட்டியில் ஊறி, வழவழப்பு போகும்வரை வாய்க்காலில் அலசப்படும். பிறகு நிழல் பந்தலின் கீழே கம்பிவலை மேஜையில் ஈரத்தோடு பரப்புவார்கள். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று பொறுக்குவார்கள். ஈரமாக இருக்கும்போது பார்ச்மென்ட் வழியே உள்ளே இருப்பது தெரியும். பூச்சி குத்திய கருப்புப் புள்ளி, பச்சைத் திட்டு, பல்பர் கடித்த காயம். காய்ந்துவிட்டால் எல்லாம் ஒரே வெளுப்பு, கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பக்கத்துக் காபிக்கு ஒரு சாபம் உண்டு: அன்டெஸ்டியா என்ற பூச்சியால் வருவதாகச் சொல்லப்படும், பச்சை உருளைக்கிழங்கு நாற்றம். ஒரே ஒரு கொட்டை போதும், ஒரு கோப்பையே பாழ். அதனால் மேஜையைச் சுற்றிப் பேச்சு ஓடினாலும் விரல் நிற்பதில்லை.

அந்த மேஜையில் எதிரெதிரே நிற்பது யார் யார் என்பதுதான் விஷயம். வடக்கே கக்கென்கே மாவட்டத்தில் அபகுந்தகாவா கூட்டுறவுக்குள் ஹிங்ககாவா என்று பெண்களே ஒரு சங்கம் வைத்தார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளும் அதில் உண்டு, கொலைக் குற்றத்துக்காகப் புருஷன் சிறையில் இருப்பவளும் உண்டு. முதலில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டாக வேண்டும். தனியாளால் ஆகிற காரியமில்லை.

சமாதானம் என்ற சொல்லைப் பொட்டலத்தில் அச்சடிப்பது சுலபம், அதற்கு மேல்நாட்டில் நல்ல விலையும் உண்டு. நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் மன்னித்தார்களா என்பது அவர்கள் பாடு. கணக்குப் புத்தகத்தை நம்புகிறேன். பெண்களின் காபியைத் தனி மூட்டையாகக் கட்டினால் வாங்குகிறவர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். அந்தக் காசு பள்ளிக் கட்டணமாகவும் மருத்துவக் காப்பீடாகவும் ஆடாகவும் மாடாகவும் வீட்டுக்கு வருகிறது. நம் பக்கத்துக் காபி க்யூரிங் ஆலைகளிலும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டை பொறுக்கியது பெண்கள்தான். கண்டிச் சீமைக் காபித் தோட்டத்துக்கு நடந்தும் படகேறியும் போன நம் ஜனங்களிலும் பெண்கள் இருந்தார்கள். அதே விரல், அதே வேலை. ஆனால் இவர்களுக்குச் சாயங்காலம் கூலியோடு சரி. பொறுக்கிய கொட்டையும் தன்னுடையதே என்று ஹிங்ககாவாப் பெண்ணால் சொல்ல முடிகிறது.

அதிலும் வில்லங்கம் இல்லாமல் இல்லை. விலையை நிர்ணயிப்பது இன்னும் நியூயார்க் சந்தைதான். 2016ல் அரசு மண்டல முறை கொண்டுவந்து, இன்ன ஊர்ப் பழம் இன்ன நிலையத்துக்குத்தான் போகவேண்டும் என்றது. 2023ல் அது கைவிடப்படும்வரை, நல்ல விலை தருகிறவனைத் தேடிப் போகும் வழி அடைபட்டிருந்தது.

காய்ந்த பார்ச்மென்ட் ஆலைக்குப் போய், அறுபது கிலோ மூட்டையாகி, கடலில்லாத நாட்டிலிருந்து லாரியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடித் தார் எஸ் சலாமையோ மொம்பாசாவையோ அடைகிறது. அங்கிருந்து ஐரோப்பா, அமெரிக்கா. வெளிநாட்டுக் காபிக்குக் கனமாகச் சுங்கவரி போடும் நம் நாட்டுப் பக்கம் எந்த வியாபாரி ஆசையாகத் திருப்புவான்? மந்தைவெளிக்குப் பெட்டியில்தான் வரவேண்டியிருக்கிறது.

இளவறுப்பு. மிக்ஸியில் அரைத்துப் பித்தளை ஃபில்டரில் போட்டால் டிகாக்‌ஷன் தேன் நிறத்தில், நீர்க்க இறங்கியது. பால் சேர்த்ததும் காபி இருந்த இடமே தெரியவில்லை. பால் விடாமல் குடித்த பெரியம்மா முகத்தைச் சுளித்தாள். "என்னடா, புளிக்கறதே?" அந்தப் புளிப்புக்குத்தான் மார்க்கு, ஆரஞ்சு வாசனை என்று வாங்குகிறார்கள் என்றேன். "ஆரஞ்சு வேணும்னா மார்க்கெட்ல ஆரஞ்சே வாங்கிக்க மாட்டேனா?" என்றாள். ருவாண்டாவிலும் காபி வளர்ப்பவர்களில் பலர் அதைக் குடித்தே பார்த்ததில்லை. கூட்டுறவுகளில் சுவை பார்க்கும் பயிற்சி வந்த பிறகுதான் தங்கள் மரத்துக் காபி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டார்கள். அவர்கள் முதல் வாய்க்கு என்ன சொன்னார்களோ, பெரியம்மா மறுநாள் நம் பீபரியோடு பாதிக்குப் பாதி கலந்து இறக்கினாள். அது நன்றாக இருந்தது.